செக்ரோலும் சொந்த வழங்கியும்

ஹட்டன் மலைத்தொடரிலோ நுவரெலியாச் சரிவுகளிலோ உள்ள எந்தப் பழைய தேயிலைத் தோட்டத்தின் வரலாற்றை எடுத்துக்கொண்டாலும், அங்கே விடியற்காலையில் முதன்முதலாக விரிக்கப்பட்டது ஓர் ஏடாகவே இருக்கும். தப்பொலி கேட்டு மக்கள் பிரட்டுக் களத்திற் கூடிய காலந்தொட்டு அந்த ஏட்டிற்குச் செக்ரோல் என்று பெயர். அதில் ஒருவருடைய பெயர் விழுந்தால் அன்று அவருக்கு வேலையுண்டு, கூலியுமுண்டு. கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்' விழும். ஒரு நாள் உழைப்பையே 'ஒரு பேர்' என்று கூறும் மலைநாட்டு வழக்கு இந்த ஏட்டோடு சேர்ந்து வளர்ந்தது எனலாம். ஏட்டை எழுதியவர் கணக்கப்பிள்ளை. அதைப் பூட்டி வைத்தது தோட்டத்துக் கந்தோர். உரிமை கொண்டாடியது கம்பெனி. அதிலே பெயர் எழுதப்பட்டவர் அந்த ஏட்டைக் கையில் வாங்கிப் பார்ப்பது அரிதினும் அரிது.

செக்ரோல் மட்டுந்தானா? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்த ஒவ்வொருவர் கழுத்திலும் தகரத் துண்டு ஒன்று தொங்கியது. எந்தத் தோட்டத்திற்கு, எத்தனையாவது ஆள் என்பதை அந்தத் தகரம் சொல்லியது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுவதற்கு மற்றொரு 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் காகிதம் அது. கடனோ தீராது, ஆதலின் துண்டு கைமாறும்போதெல்லாம் மனிதனும் கைமாறினான். 1921இல் இந்தத் துண்டு முறை சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆயினும், ஒருவர் யார் என்பதை அவர் கையில் இல்லாத ஒரு தாள் தீர்மானிக்கும் நிலை மட்டும் ஒழிந்தபாடில்லை.

அதன் முழுக் கொடுமையும் சுதந்திரத்தின் பின்னரே வெளிப்பட்டது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம் ஒரு வாயிலைத் திறந்தது போலத் தோன்றியது. விண்ணப்பிப்போர் 1946ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர், மணமானவராயின் ஏழாண்டும் மணமாகாதவராயின் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிரூபிக்கவேண்டும் என்பது விதி. நிரூபிப்பதற்கு எதைக் காட்டுவது? பிறப்புப் பதிவு பலருக்கில்லை. இருந்த சான்றோ தோட்டத்துக் கந்தோரின் பெட்டகத்தில் இருந்தது. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சார்பில் விண்ணப்பங்கள் போயின. உரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. எஞ்சியவர்களை இரு நாடுகளும் 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தினால் எண்ணிப் பங்கிட்டுக்கொண்டன. 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இலே தான் நிறைவேறிற்று. அவ்வளவு நெடுங்காலம் ஒரு சமூகத்தின் தலைவிதி, பிறர் பூட்டிய அலுமாரிகளுள் கிடந்த தாள்களைச் சுற்றியே சுழன்றது.

இந்த வரலாற்றை நினைவிற் கொண்டாலன்றி, இன்றைய கணினி உலகில் 'சொந்த வழங்கி' என்று பேசப்படும் பொருளின் அருமை மலைநாட்டார்க்குப் புலப்படாது. இது பொறியியலார் பொழுதுபோக்கென்று பலர் எண்ணுகின்றனர். ஏட்டை யார் வைத்திருப்பது என்ற பழைய வினாவே இதன் உள்ளீடு.

வழங்கி என்பது யாது? சேர்வர் என ஆங்கில வழக்கில் சொல்லப்படும் கணினியே அது. கேட்டவர்க்குக் கேட்ட ஏட்டை எடுத்து வழங்குவது அதன் தொழில்; பெயர்க்காரணமும் அதுவே. நாம் கைப்பேசியில் ஒரு படத்தைச் சேமிக்கும்போது அது எங்கோ ஒரு பெரு நிறுவனத்தின் வழங்கியிற் சென்று தங்குகிறது. வாடகை கேட்கப்படுவதில்லை; பூட்டும் சாவியும் நம்மிடம் இல்லை என்பதையும் நாம் கேட்பதில்லை. ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையமனையில் உலகெங்கும் மக்கள் ஆயிரமாயிரம் பக்கங்களை எழுதி வைத்தனர், தமிழரும் எழுதினர். 2009 அக்டோபரில் அதன் உரிமையாளர் அதனை மூடிவிட்டார். படங்களை அளவின்றி இலவசமாக ஏற்றுக்கொண்ட கூகுள், 2021 ஜூன் முதலாந் தேதியோடு அவ்வழக்கத்தை நிறுத்திக்கொண்டது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்முறை மூண்டபோது பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகிய மூன்றையும் அரசு முடக்கிற்று. அதன் நியாயம் எவ்வாறாயினும், மரண அறிவித்தல் முதல் சங்கக் கூட்ட அழைப்பு வரை அவற்றையே நம்பியிருந்தோர்க்கு அந்நாட்களில் வேறு ஏடில்லை என்பது உண்மை.

சொந்த வழங்கி என்றால் இதற்கு மாறானது. ஒரு கணினியை வாங்கியோ, இணைய நிலையமொன்றில் வாடகைக்கு எடுத்தோ, வேண்டிய மென்பொருளைத் தாமே அதில் நிறுவித் தாமே ஓட்டுவது. இதற்கு மென்பொருள் தடையற்றதாக இருத்தல் வேண்டும்.

அத்தகைய மென்பொருளுக்கும் ஒரு வரலாறுண்டு. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் ஒரு புதிய அச்சுப்பொறி அடிக்கடி தாளைச் சிக்கவைத்துக்கொண்டது. அதன் மென்பொருளைத் திருத்திக்கொள்ள ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் மூலநிரலைக் கேட்டார், மறுக்கப்பட்டது. சிறு சம்பவந்தான். 1983இல் அவர் தொடங்கிய குனூ இயக்கமும், 1989இல் எழுந்த பொது உரிமமும் அந்த மறுப்பிலிருந்து கிளைத்தவை. யாரும் இயக்கலாம், பார்க்கலாம், திருத்தலாம், பிறர்க்கு அளிக்கலாம் என்பது அவ்வுரிமத்தின் சாரம். 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ் இதனோடு சேர்ந்ததும், கட்டற்ற மென்பொருளாலேயே ஒரு வழங்கியை முழுமையாக ஓட்டுவது எவர்க்கும் கைகூடிற்று. இலங்கை இதனைப் பெற்றுக்கொண்ட நாடு மட்டுமன்று, கொடுத்த நாடுமாகும். 2004 டிசம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை வந்தபின், காணாமற் போனோரையும் முகாம்களையும் பதியும் பொருட்டு இந்நாட்டு நிரலாளர் எழுதிய சஹானா என்னும் மென்பொருள் பிற்பாடு வேறு நாடுகளின் இடர்களிலும் பயன்பட்டது. 2006ஆம் ஆண்டிற்குரிய சமூக நலப் பரிசைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு அளித்தது.

தமிழில் இவ்வழியின் முதல் பெரும் முயற்சி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம். இலங்கைத் தமிழர் ஏடுகளுக்கென்றே 2005இல் தன்னார்வலர் சிலர் நூலகம் என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். பின்னர் அது நூலக நிறுவனமாக உருப்பெற்றது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்து ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலான நாட்டில், ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியை வைத்திருப்பதன் ஆபத்தை எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்நூலகத்தின் பட்டியலில் மலையகத்திற்குரிய பகுதி சிறிதன்று. கொழுந்து, குன்றின் குரல் முதலாக மலைநாட்டிலிருந்து வந்த பருவ ஏடுகளையும், சிறு பிரசுரங்களையும், நூல்களையும் இன்று உலகின் எந்த மூலையிலிருந்தும் காசின்றிப் படிக்கலாம். சில நூறு பிரதிகள் அச்சிட்டு, விற்றது பாதியும் கறையானுக்குப் போனது பாதியுமாக முடிந்துவிடக்கூடிய ஏடுகள் இவை.

மலைநாட்டில் இதற்கு முன்னோடியே இல்லை என்பதற்கில்லை. கோ. நடேசையர் 1920களில் தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தியதும், ஹட்டனைக் களமாகக் கொண்டு 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்ததும், அவர் மனைவியார் மீனாட்சியம்மாள் பாட்டெழுதியும் எழுத்தாலும் மக்களைத் தட்டியெழுப்பியதும் யாவரும் அறிந்தவை. துரைமார் சங்கம் தன் பக்கத்தை எழுதிக்கொண்டிருந்த காலத்தில், தம் பக்கத்தைத் தாமே அச்சிடவேண்டும் என்பதை உணர்ந்தவர் அவர். அச்சுக்கூடம் அன்று செய்த வேலையில் ஒரு பங்கை இன்று வழங்கி செய்கிறது.

நூலகத்தார் எந்தக் கருவியைத் தெரிந்தெடுத்தனர் என்பது ஆராயத்தக்கது. அவர்தம் நூற்பட்டியல் மீடியாவிக்கி என்ற மென்பொருளில் அமைந்தது. ஜெர்மானிய மாணவர் மாக்னஸ் மான்ஸ்கே என்பவர் விக்கிப்பீடியாவுக்கென எழுதி, 2002 ஜனவரியில் அங்கு பயன்பாட்டுக்கு வந்த நிரலின் வழிவந்தது அது. நூலகங்களுக்கென ஆக்கப்பட்ட கருவியன்று. அட்டவணைப்படுத்தும் நுட்பங்களில் அதனை விஞ்சியவை பல உண்டு. ஆயினும் தமிழர்க்கு அதில் ஒரு பெரும் வசதி காத்திருந்தது. யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் 2003 நவம்பரில் தமிழ் விக்கிப்பீடியாவிற் பணி தொடங்கியபோது, அதன் இடைமுகச் சொற்களைப் பெரும்பாலும் தமிழாக்கியிருந்தார். ஆகவே, ஆங்கிலம் அறியாத ஓர் ஆசிரியரோ மாணவரோ அதே மென்பொருளின் முன் அமர்ந்து, 'தொகு', 'சேமி' என்று கண்டு, ஒரு மணி நேரத்தில் வேலை பழகிவிட முடிந்தது. ஒரு பக்கத்தில் யார், எப்போது, எதைத் திருத்தினார் என்பதும் அழியாமல் நிற்கும். செக்ரோலில் வெட்டித் திருத்திய கணக்கைப் பற்றி முறையிட வழியற்றிருந்த மக்களின் வழித்தோன்றல்களுக்கு அந்த 'வரலாறு' என்னும் பொத்தான் அற்பப் பொருளன்று.

பிற்காலத்தில் ஒலிப்பதிவு, நிழற்படம், ஓலைச்சுவடி முதலியவற்றிற்காக அந்நிறுவனம் ஆவணகம் என்ற தனித் தளத்தை அமைத்தபோது ஐலண்டோரா என்ற கருவியைக் கைக்கொண்டது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பல்கலைக்கழகத்தில் 2006இல் பிறந்தது அது. ஒரு நிழற்படத்தின் மூலக் கோப்பு, அதன் சிறு உருவம், எடுத்தவர், இடம், ஆண்டு, உரிமை ஆகிய அனைத்தையும் ஒரே பொதியாகக் காக்கும் வல்லமை அதற்குண்டு. அதற்கேற்பப் பாரமும் உண்டு. மீடியாவிக்கியை ஓட்டும் சிறு கணினி இதைத் தாங்காது. அறிந்த கையும் வேண்டும். கருவியின் பெருமையைக் காட்டிலும் அதைத் தாங்கும் ஆள்பலத்தை முதலில் எண்ணிப் பார்ப்பதே விவேகம். மலைநாட்டுப் பாடசாலையொன்று தன் ஆண்டுமலர்களைச் சேமிப்பதற்கு ஐலண்டோராவை நாடினால், அது முயல் வேட்டைக்கு யானையைக் கூட்டிச் சென்ற கதையாகும்.

நூல் இரவல் கொடுக்கும் நிலையங்களுக்குப் பொருத்தமானது கோஹா. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்ற சிறு பிரதேசத்து நூலகத்தினர், தம் பழைய கணினி முறை 2000ஆம் ஆண்டைத் தாண்டாதென்று கண்டு, புதிதொன்றை எழுதுவித்து, அவ்வாண்டு ஜனவரி 3ஆந் தேதி ஓடவிட்டு, உலகிற்கே கொடையாக அளித்தனர். கோஹா என்பது மௌரி மொழியில் கொடையைக் குறிக்கும் சொல். 2011இல் அமெரிக்க நிறுவனமொன்று அந்தப் பெயரையே தன் வணிகக் குறியாக்க முயன்றது. உலகெங்குமுள்ள நூலகர்கள் திரண்டெழுந்தனர். ஈராண்டு வழக்காடியபின் பெயர் மூலவர்க்கே மீண்டது. இந்த வழக்கு நடந்தபோதும் ஒரு நூலகத்திலேனும் இரவற் பதிவு நின்றதில்லை. நிரலின் பிரதி ஒவ்வொருவர் வழங்கியிலும் இருந்தது. எவர் பெயரைப் பிடுங்கினாலும் அது அங்கேயே ஓடிக்கொண்டிருக்கும். இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்கள் பலவும் இன்று கோஹாவையே கையாள்கின்றன. மலைநாட்டு மாணவர் பலர் சென்று பயிலும் பேராதனைப் பல்கலைக்கழகம் தன் ஆய்வேடுகளை டீஸ்பேஸ் என்ற மற்றொரு கட்டற்ற கருவியில் வைத்திருக்கிறது.

தெரிவு செய்யும்போது கருவிக்குள் நுழைவதைவிட, நாளை அதைவிட்டு வெளியேறுவது எப்படி என்று கேட்பது முக்கியம். இதனைத் தமிழர் பட்டுணர்ந்திருக்கின்றனர். பாமினி என்னும் எழுத்துருவை நேயர்கள் பலர் அறிவர். 1990களிலும் அதன் பின்னரும் இலங்கையில் சங்க அறிக்கை, கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதிலேயே தட்டச்சாயின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் 'அம்மா' என்ற சொல்லும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களாகக் கிடக்கும். எழுத்தே அங்கு சேமிக்கப்படவில்லை. எழுத்தின் வேடந்தான் சேமிக்கப்பட்டது. யுனிக்கோடு என்ற உலகப் பொதுமுறையில் தமிழ் 1991இலேயே இடம்பெற்றிருந்தும் வழக்கில் வர நெடுநாட் சென்றது. இன்று ஒரு சங்கம் தன் கணக்கையோ உறுப்பினர் ஏட்டையோ எந்த மென்பொருளில் இடுவதாயினும், அதனை வெறும் எழுத்தாகவோ அட்டவணையாகவோ முழுவதும் வெளியே எடுக்க இயலுமா என்று முதல் நாளிலேயே எடுத்துப் பார்த்துவிடுதல் வேண்டும். கட்டற்ற மென்பொருளிலும் இதில் தவறுவனவுண்டு.

இனி, ஓட்டுதல். இதற்கு மலைநாட்டிலேயே ஓர் அருமையான முன்கதை இருக்கிறது.

நுவரெலியா நகருக்கு ஒளி தரும் பொருட்டுப் பொறியியலாளர் தே. ஜ. விமலசுரேந்திர 1912இல் பிளாக்பூல் என்ற இடத்தில் சிறு நீர்மின் நிலையமொன்றை அமைத்தார். அக்காலத்தையொட்டி மலைநாட்டுத் தோட்டங்கள் நூற்றுக்கணக்கில் தத்தம் ஓடைகளிலேயே நீர்ச்சக்கரங்களை நிறுவிக்கொண்டன. மேலே ஓடையை மறித்து, மலையோரமாகச் சிறு கால்வாய் வெட்டி, அங்கிருந்து இரும்புக் குழாயில் நீரைச் செங்குத்தாக இறக்கினால் கீழே சக்கரம் சுழலும். அதனின்று நீண்ட தண்டும் தோல்வாரும் தேயிலை உருட்டும் பொறிகளை இயக்கும். எவரிடமும் மின்சாரம் வாங்கவேண்டியதில்லை. ஆயினும் அதற்கென ஓர் ஆள் வேண்டும். மழை பெய்த இரவின் மறுநாட் காலையில், கால்வாய் முகத்து இரும்புச் சட்டத்தில் அடைத்த இலையையும் சேற்றையும் அவர் வாரவேண்டும். அச்சுக்கு எண்ணெய் இடவேண்டும். குழாயின் கசிவைப் பார்க்கவேண்டும். ஒரு வாரம் அவர் வராவிட்டால் சக்கரம் நின்றுவிடும்.

1950இல் லக்ஷபான மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தேசியக் கம்பி ஒவ்வொரு தோட்டமாக எட்டியது. கால்வாய் வாருவதைக் காட்டிலும் பட்டியல் கட்டுவது எளிதாயிற்று. சக்கரங்கள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டுத் துருவேறின. 1970களில் எண்ணெய் விலை ஏறி மின்சாரமும் விலையேறியபின்னரே பழைய சக்கரங்களின் நினைவு வந்தது. சிலவற்றைப் பிற்பாடு புதுப்பித்தனர். அதற்குள் பல இடங்களில் கால்வாய் தூர்ந்திருந்தது. அதனை ஓட்டத் தெரிந்தவர் ஓய்வு பெற்றிருந்தார். இங்கே மற்றொன்றும் சொல்லவேண்டும். தோட்டத்துக்கெனச் சொந்த மின்சாரம் இருந்த அந்த நாட்களில் ஒளி எரிந்தது ஸ்டோரிலும் துரை பங்களாவிலுமே. லயங்களில் மண்ணெண்ணெய் விளக்குத்தான். 'சொந்தம்' என்ற சொல் யாருக்குச் சொந்தம் என்று விளங்காதவரை பாதிப் பொருளே தரும்.

வழங்கியின் கதையும் இதுவே. நிறுவும் நாள் திருவிழா. பின்வரும் நாளெல்லாம் கால்வாய் வாரல். 2021 டிசம்பரில் லாக்ஃபோர்ஜே என்ற சிறு துணைக்கருவியிற் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு ஓட்டை, உலகெங்கும் எண்ணற்ற வழங்கிகளைத் திருடர்க்குத் திறந்துவிட்டது. திருத்தம் சில நாட்களிலேயே இலவசமாக வெளிவந்தது. ஆனால் அதை இட ஒருவர் விழித்திருக்க வேண்டும். ஐலண்டோராவின் பழைய பதிப்பு ட்ரூப்பல் 7 என்ற அடித்தளத்தின்மேல் நின்றது. அந்த அடித்தளத்திற்கு 2025 ஜனவரி 5ஆந் தேதியோடு ஆதரவு முடிந்தது. அதன்மேல் கட்டிய நூலகங்கள் யாவும் முழு வீட்டையுமே பெயர்த்துப் புது அடித்தளத்தில் வைக்கவேண்டிய நிலை. விலை சூன்யமாயினும் செலவு சூன்யமன்று என்பதை இத்தகைய நாட்களே உணர்த்துகின்றன. ஒரு பாரம் மட்டும் உண்மையிலேயே குறைந்துள்ளது. தளத்திற்கும் படிப்பவருக்கும் இடையே மறைகாப்பு அளிக்கும் சான்றிதழை முன்னர் ஆண்டுதோறும் டொலர் கொடுத்து வாங்கவேண்டியிருந்தது. 2015 முதல் லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் பொதுநல அமைப்பு அதனை இலவசமாக்கியது. தொண்ணூறு நாளில் அது காலாவதியாகும். தானே புதுப்பிக்கும்படி அமைத்துவிட்டால் கவலையில்லை, மறந்தால் வாசகர் வாயிலில் எச்சரிக்கைப் பலகையைத்தான் காண்பார்.

டொலரின் கதையை 2022ஆம் ஆண்டு இலங்கையர்க்கு நன்றாகவே கற்பித்தது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாயிருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. வெளிநாட்டு நிலையத்தில் வழங்கி வாடகைக்கெடுத்த எந்தச் சிறு அமைப்புக்கும், ஒரு எழுத்தும் கூடாமலே செலவு முக்காற்பங்குக்கு மேல் கூடியது. வங்கியிலோ டொலரே இல்லை. அதற்கு மாற்றாக வழங்கியை உள்ளூரிலேயே, அலுவலக அறையில் வைத்தவர்க்கு வேறு துன்பம்: அம்மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிவரை நீண்டது. இந்த இரண்டு துன்பங்களுக்கும் இடையே எதைத் தேர்வதென்பதற்குப் பொது விடையில்லை. உலகிற்குத் திறந்திருக்க வேண்டிய ஏடுகளை நிலையத்திலும், ஒரு பாடசாலையின் உள்ளறையில் மட்டும் பயன்படுபவற்றைச் சிறு கணினியிலும் வைப்பது பலருக்கும் பொருந்தும். ராஸ்பெரி பை போன்ற உள்ளங்கையளவுக் கணினி, சிறு மின்கலத்தில் ஓடக்கூடியது. கிவிக்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைக்கொண்டு விக்கிப்பீடியாவை இணையமின்றியே வகுப்பறைக்குள் வழங்கவல்லது. மூடுபனியில் இணைப்பு அறுந்து போகும் மலைமுகட்டுப் பாடசாலைக்கு இதைவிடத் தகுந்த தொடக்கம் காண்பதரிது.

எங்கு வைத்தாலும் ஒரே இடத்தில் வைத்தல் தகாது. 2014 அக்டோபர் 29ஆந் தேதி காலையில் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தைப் பகுதியில் மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மலை சரிந்தபோது லயன் வரிசைகள் மண்ணுட் புதைந்தன. உயிர்ப்பலியின் முன் தாள்களைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் உயிர் தப்பியவர் மறுநாள் யார் என்று நிரூபிக்கத் தாள் கேட்கப்படுகின்ற நாடு இது. மூன்று பிரதிகள், இரு வேறு வகைப் பொருள்களில், ஒன்று வேறூரில் என்பது கணினியாளர் கைக்கொள்ளும் வழக்கம். அந்த வேறூர் வேறு மலையாகவும் இருக்கட்டும். காப்புப் பிரதியிலிருந்து மீட்டெடுத்து ஒருமுறை படித்துப் பாராதவரை அது காப்பென்று எண்ணிவிடலாகாது. முழு நம்பிக்கையோடு திறந்து பார்த்து வெறும் கோப்புறையைக் கண்டவர் உலகில் அநேகர்.

இன்னொரு இடர், மழையாலும் மின்னாலும் வருவதன்று. சங்கத்தின் வழங்கிக்குரிய மறைச்சொல் ஒரே இளைஞரிடம் இருக்கும். அவர் வேலை தேடிக் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போய்விடுவார். ஆறு மாதத்தில் முகவரிக் கட்டணம் தவறும். ஓராண்டில் தளமே மறையும். துரையிடமிருந்த சாவி இப்போது நம் பிள்ளையிடம் இருக்கிறது என்பது ஓரளவு ஆறுதலே; ஆயினும் சாவி ஒன்றுதான் என்ற குறை அப்படியே நிற்கிறது. மறைச்சொல் மூவரிடமாவது இருத்தலும், முகவரி தனியாள் பெயரிலன்றிச் சங்கத்தின் பெயரிற் பதிவாதலும், என்ன நிறுவினோம், எப்படி நிறுவினோம் என்பதைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி வைத்தலும் எந்த மென்பொருளையும்விட முந்திச் செய்யவேண்டிய காரியங்கள். மின்னஞ்சல் வழங்கியைத் தாமே நடத்துவது போன்ற முள்ளுள்ள வேலைகளைத் தொடக்கத்திற் தொடாமலிருப்பதும் நலம். அதில் தோல்வியுற்று எல்லாவற்றையுமே கைவிட்டவருண்டு.

மேலும், தாய் தந்தையரின் குடியுரிமைத் தாள்களையும் தோட்டம் விட்டு விலகிய பற்றுச்சீட்டுகளையும் படமெடுத்துச் சேர்ப்போர், எல்லாவற்றையும் எல்லோர்க்கும் திறந்துவிடலாகாது. அவற்றில் உயிரோடிருப்போரின் எண்களும் உறவுகளும் உள்ளன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதுபற்றிய கடமைகளை விதிக்கின்றது. சொந்த வழங்கியில் எந்த ஏடு யாருக்குத் திறக்கும், எந்த ஏடு எத்தனை ஆண்டு மூடியிருக்கும் என்பதை வைத்திருப்பவரே குடும்பத்தாரோடு பேசித் தீர்மானிக்கலாம். செக்ரோலைப் பற்றி அவ்வாறு எவரும் எந்தக் குடும்பத்தையும் கேட்டதில்லை.

2023இல், முன்னோர் வந்த இருநூறாம் ஆண்டை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தபோது, அந்தப் பழைய பாதையைப் பற்றிய பேச்சு வீடுதோறும் எழுந்தது. அதனோடு லயத்துப் பரண்களிலிருந்து தகரப் பெட்டிகளும் இறங்கின. அவற்றுள் மடிப்பில் கிழிந்த பற்றுச்சீட்டு, மங்கிய கடவுச்சீட்டு, இந்தியாவுக்குக் கப்பலேறிய உறவினரின் கடிதம். எண்ணிம ஆவணப் பணியில் ஈடுபடுவோர் இத்தகைய தாளை வாங்கிச் செல்வதில்லை. விளக்கின் கீழ் விரித்து, முன்னும் பின்னும் படமெடுத்து, எண்ணிட்டு, பெயரெழுதி, அன்றே உரியவர் கையில் கொடுத்துவிடுகின்றனர். படம் வழங்கிக்குப் போகிறது. தாள் பழைய மடிப்பிலேயே மடிக்கப்பட்டுத் தகரப் பெட்டிக்குத் திரும்புகிறது.